நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

நவம்பர் 3, 2023. வெள்ளி

என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் புரை எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு முறை. குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, டிவி கூடாது, பேப்பர் கூடாது. நாற்பது வருடம் விசைத்தறி மெக்கானிக்காக ஊர் சுற்றிய மனிதர், இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் மெஹருன்னிசா வந்தாள். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவள், இப்போது நம் குமாரபாளையம் கிளை நூலகத்தில் நூலகர். நூலக வார விழாவுக்கு ஓர் எழுத்தாளரைக் கூப்பிட்டிருக்கிறாளாம். 19-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அவருடைய புத்தகத்தைப் பற்றி நான் பேச வேண்டுமாம்.

"டீச்சர், நீங்கதான் பேசோணும். மத்தவங்கெல்லாம் அட்டையப் பாத்துப்போட்டுப் பேசறாங்க."

புத்தகத்தின் பெயர் 'கரண்ட் போன நேரம்'. 212 பக்கம். எழுதியவர் அமலோற்பவம், திண்டிவனம் பக்கம் செவிலியர். எட்டு வயதில் பஸ் ஸ்டாண்டில் கடத்தப்பட்டு, நாலரை வருடம் ஒரு வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர். தன் கதையைத் தானே எழுதியிருக்கிறார். கனமான புத்தகம், பார்த்துப் படியுங்கள் என்றாள் மெஹருன்னிசா. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் படித்தவளுக்கு எதுவும் கனம் இல்லை என்றேன்.

நவம்பர் 4, சனி

புத்தகத்தைச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பேன். கை அப்படிப் பழகிவிட்டது. முதல் அத்தியாயத்தில் ஒரே வாக்கியத்தில் மூன்று 'அப்புறம்'. சுழித்து வைத்தேன்.

நான் படிப்பதை அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் போலிருக்கிறது. பக்கம் திருப்பும் சத்தம்தானே கேட்கும். "வாய் விட்டுத்தான் படியேன், நானும் கேக்கறேன்" என்றார். சரியென்று ஆரம்பத்திலிருந்து உரக்கப் படித்தேன்.

1989, பொங்கல் முடிந்த வாரம். அம்மா பஸ் எப்போது என்று கேட்கப் போயிருக்கிறாள். மகள் மூட்டைக்குக் காவல். சும்மா இராமல் நிற்கிற பஸ்களின் போர்டை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு பெண் வந்து, "உங்கம்மா அங்க நிக்கிறா, வா" என்று கையைப் பிடித்தாள். அந்தக் கை மெத்தென்று இருந்தது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது இவர் மருந்து நேரத்தைக்கூடக் கேட்கவில்லை.

மொழிநடைக்கு நூற்றுக்கு அறுபது போடலாம்.

நவம்பர் 6, திங்கள்

ஒரு நாளைக்கு முப்பது பக்கம் வீதம் போகிறது. இன்று எண்பது வரை.

ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லவில்லை. காவிரிக்கரையில் ஒரு தறிக்கார ஊர் என்று மட்டும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர் பவானி முதல் பள்ளிபாளையம் வரை எத்தனையோ. கூட்டி வந்தவர்களை மாமா என்றும் அத்தை என்றும் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். தலையை ஒட்ட வெட்டிவிட்டு, பெயரைச் 'சரசு' என்று மாற்றியிருக்கிறார்கள். உன் அம்மாதான் உன்னைக் கொடுத்தாள் என்று தினமும் சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலையிலிருந்து நூல் சுற்றுகிற வேலை. தறி ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் வெளியில் கேட்காது. கரண்ட் போனால் தெருவே அமைதியாகிவிடும், அப்போது வாயில் துணியை வைத்துக் கட்டிவிடுவார்கள். புத்தகத்தின் பெயர் அதனால்தான்.

கேட்டுவிட்டு இவர் சொன்னார்: "தறி ஓட்டறப்ப பக்கத்துல இருக்கறவன் செத்தாக்கூடத் தெரியாது தவமணி. கரண்ட் போனாத்தான் மனுசச் சத்தமே கேக்கும். அந்த நேரத்துல வாயக் கட்டியிருக்கறான் பாரு. தொழில் தெரிஞ்சவன்."

இரவுக்குக் கோதுமை ரவை உப்புமா. யாருக்கும் இறங்கவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. மருந்து ஆறு முறையும் ஊற்றினேன்.

நவம்பர் 8, புதன்

இன்று 116-ஆம் பக்கம் முடிந்ததும் 119-க்குப் போய்விட்டேன். தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன, நடுவுல என்னமோ உட்டுப்போன மாதர இருக்குது? யாரோ கதவத் தட்டுனாங்கன்னு படிச்ச. அப்பறம் யாரு வந்தாங்கன்னே இல்லையே?"

"அச்சுப் பிழைங்க" என்றேன்.

அந்தப் பக்கங்களில் விசேஷம் ஒன்றும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்து போகிறார். 1991 பிப்ரவரி. அந்த வருடம் ஊரில் எங்களைப் போல் எண்பது, தொண்ணூறு பேர் அந்த வேலை பார்த்தோம். எல்லா ஊரிலும் பார்த்தார்கள். வந்த டீச்சர் ஊதாச் சேலை கட்டியிருந்தாராம். ஊதாச் சேலை யாரிடம் இல்லை? வீட்டுக் கதவில் குறி போடுகிற சாக்பீஸில் ஒரு துண்டை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். கொடுத்திருக்க மாட்டார், தவறி விழுந்திருக்கும். எட்டு பத்து வயதுப் பிள்ளைக்கு எல்லாம் சரியாக ஞாபகம் இருக்குமா?

நவம்பர் 9, வியாழன்

அவர் தூங்கிய பிறகு மறுபடி படித்தேன். பேச வேண்டியவள் முழுவதும் படிக்க வேண்டும் அல்லவா. 118-ஆம் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

"கரண்ட் போயிருந்தது. வெளியே யாரோ விடாமல் தட்டினார்கள். மாமா என் வாய்த் துணியை எடுத்துவிட்டு, தண்ணீர் கொண்டு வா, பேசினால் தொலைத்துவிடுவேன் என்றார். டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச் கட்டியிருந்தார். மடியில் பலகை வைத்து எழுதினார். என்னைப் பார்த்து, உன் பேர் என்ன என்றார். அந்த வீட்டில் இரண்டு வருடமாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, சரசு என்றார். டீச்சர் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியுமா என்றார். தெரியாது, மந்தம் என்றார் மாமா. டீச்சர் அதையும் எழுதினார். போகும்போது என் கையில் ஒரு துண்டு சாக்பீஸ் கொடுத்தார். ஒண்ணாந்தேதி மறுபடியும் வருவேன் என்று சொன்னார். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், சுவரில், தினமும் அமலோற்பவம் என்று பொடியாக எழுதி அழிப்பேன். என் பெயர் எனக்கு மறக்காமல் இருந்தது அந்தச் சாக்பீஸால்தான். ஒன்றாம் தேதி விடிந்ததிலிருந்து காத்திருந்தேன். கரண்ட் போக வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். டீச்சர் வரவில்லை. உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கும். அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருப்பார்."

இந்தப் பக்கத்தில் என் சிவப்புப் பேனாவுக்கு வேலை இல்லை.

நவம்பர் 10, வெள்ளி

கணக்கெடுப்பில் எழுதியதை வெளியே சொல்லக் கூடாது. அது சட்டம். பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். எழுதியவர் யாராக இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது.

நவம்பர் 11, சனி

நாளை தீபாவளி. மைசூர்பாகுக்கு நெய் வாங்கக் கடைக்குப் போனேன். பக்கத்துத் தெருவிலேயே கடை இருக்கிறது. நான் போனது வேறு கடைக்கு. சுற்றுதான். பதினைந்து நிமிட நடை.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள். தறி இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. அங்கே இருந்தவர்கள் 93-லேயே ஒரே நாளில் தறியைக் கழற்றிக்கொண்டு சூரத்துப் பக்கம் போய்விட்டார்கள் என்று அப்போது கேள்விப்பட்டேன். ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? புத்தகத்தின் கடைசியில் வருகிறது: தப்பி வீடு வந்து சேர்ந்த மகளைக் கட்டிக்கொண்டு அழுத அம்மா, பெண் பிள்ளை விஷயம், வெளியே மூச்சு விடாதே என்று போலீசுக்கே போகவில்லையாம். அம்மா இறந்த பிறகுதான் இந்தப் புத்தகத்தையே எழுதியிருக்கிறார்.

பாகு பதம் தப்பிவிட்டது. கல் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

அவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வழியில்லை. உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு, புது வேட்டி கட்டி, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தார். மகன் பெங்களூரிலிருந்து வீடியோ காலில் வந்து, அப்பா சினிமா வில்லன் மாதிரி இருக்கிறீர்கள் என்றான். மைசூர்பாகைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பல்லு டாக்டரையும் இப்பவே பாத்துப்போடலாமா?" என்றார் இவர்.

போன் வைத்த பிறகு கேட்டார்.

"அந்த ரெண்டு பக்கத்தப் படி."

"எந்த ரெண்டு பக்கம்?"

"அச்சுப் பிழைன்னியே, அது."

படித்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. வாட்ச் வந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ஏந்தவமணி, உன்ற வாட்ச் ரிப்பேருக்குக் குடுத்திருந்தப்ப, என்றதக் கட்டீட்டுத்தான கணக்கெடுக்கப் போன?"

"ஆமாங்க."

"அது நீதானா?"

"நான்தானுங்க."

வெளியே யாரோ பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். அது முடிந்த பிறகு கேட்டார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லப் போறியா?"

"தெரியலீங்க."

"நாஞ் சொல்றதக் கேளு. முப்பத்திரண்டு வருசம் ஆச்சு. அந்தப் புள்ளைக்கு இந்தப் பொஸ்தகம் பூராவும் நல்லதுன்னு இருக்கறதே அந்த ஒரு பக்கந்தான். உன்னைய நல்லவிதமா நெனச்சுட்டு இருக்குது. நீ போயி உண்மை கிண்மைன்னு பேசி அதையுங் கெடுத்துப்போடாத."

மருந்து நேரம் வந்துவிட்டது. ஊற்றினேன். இமையில் பாதி, கன்னத்தில் பாதி.

நவம்பர் 13, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. துணி துவைத்தேன். மழை வந்து நனைத்துவிட்டது.

நவம்பர் 14, செவ்வாய்

குழந்தைகள் தினம். பழைய பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள், கண் மருந்தைச் சாக்குச் சொல்லிப் போகவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நூற்று நாற்பது வீடு. பகலில் பள்ளி, மாலையில் கணக்கெடுப்பு. கரண்ட் இருந்தால் அந்தத் தெருவில் கேள்வி கேட்கவே முடியாது, காதருகே கத்த வேண்டும். அதனால் கரண்ட் போகும் நேரம் பார்த்து ஓடுவோம். அன்று அப்படி ஓடிப் போன வீடு அது.

அந்தப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து என் எதிரில் நின்றது. மொட்டைத் தலை. உதட்டின் இரு ஓரமும் சிவந்து கன்றியிருந்தது. அதை அப்போதே பார்த்தேன். நான் பேர் கேட்டேன், அந்த ஆள் சொன்னான். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தது: குடும்பத் தலைவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள், விவாதம் செய்யாதீர்கள். எழுதினேன். படிக்கத் தெரியாது என்றான். எழுதக் குனிந்தேன். அப்போது பார்த்தேன்.

அந்தப் பிள்ளையின் உதடு அசைந்தது. என் மடியில் இருந்த தாளைத் தலைகீழாகப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எத்தனை நூறு பிள்ளைகளின் உதடு அப்படி அசைந்து பார்த்திருக்கிறேன். அது பிறக்கும்போதே வருகிற அசைவு இல்லை. யாரோ பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்குத்தான் வரும். பள்ளிக்குப் போன பிள்ளை, அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. ஒரு நொடியில் எனக்கு அவ்வளவும் தெரிந்தது. தெரிந்துகொண்டே, தெரியாது என்று எழுதினேன்.

அந்தக் காலத்தில் மூன்று தறி வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படித்தான் இருக்கும். முன்பணத்துக்கு விட்டது, உறவில் விட்டது என்பார்கள். கேட்டால் வம்பு. நானும் அப்படி ஒன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

சாக்பீஸ் தவறி விழுந்திருக்கும் என்று எட்டாம் தேதி எழுதியிருக்கிறேன். விழவில்லை. அந்த ஆள் வெற்றிலை துப்பத் திரும்பியபோது நான்தான் கொடுத்தேன். எழுதத் தெரியாத பிள்ளை என்று தாளில் எழுதிவிட்டு, அந்தக் கையிலேயே சாக்பீஸ் கொடுத்தவள் நான். எனக்குத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நவம்பர் 15, புதன்

சமையலறைக் குழாயில் ஒழுக்கு. பிளம்பர் வருகிறேன் என்றார், வரவில்லை. அவர் மீது எனக்கு வந்த கோபம் அளவுக்கு மீறியது என்று இப்போது படுகிறது. வருகிறேன் என்று சொன்னால் வர வேண்டாமா என்று போனில் கத்தினேன். அந்த மனிதர் பயந்து ஆறு மணிக்கு வந்து, வாஷர் மாற்றிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நவம்பர் 16, வியாழன்

மார்ச் முதல் தேதியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். பாதி எழுதி வைத்தால் எழுதாததற்குச் சமம்.

கணக்கெடுப்பில் மறுசுற்று என்று ஒன்று உண்டு. மார்ச் 1 முதல் 5 வரை எல்லா வீட்டுக்கும் இரண்டாம் முறை போக வேண்டும். இடையில் யாராவது பிறந்தார்களா, இறந்தார்களா என்று கேட்டுத் திருத்த வேண்டும். ஒண்ணாந்தேதி வருவேன் என்று நான் எல்லா வீட்டிலும்தான் சொன்னேன். நூற்று நாற்பதில் நூற்று முப்பத்தொன்பது வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவில்கூட மற்ற எல்லாக் கதவையும் தட்டினேன். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும், 'மாற்றம் இல்லை' என்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தேன். போனால் அந்தப் பிள்ளை என்னிடம் ஏதாவது சொல்லிவிடும். சொன்ன பிறகு நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். ஜூனில் சங்ககிரி பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லாரும், நல்ல பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏன் அங்கே என்றார்கள். நான் போன பிறகும் அந்தப் பிள்ளை அங்கே இருந்திருக்கிறது. நான் கதவைத் தட்டிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் இன்னும் இரண்டு வருடம், நாலு மாதம்.

வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

மெஹருன்னிசா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டமாம். மத்தியானத்துக்கு மேல் வைத்தால் கூட்டத்துக்கு ஈ காக்கைகூட வராது என்று, காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுங்களா? அவங்க வேற எந்த ஊருக்கும் போறதில்லையாம். நம்ம ஊருன்னதும் உடனே வர்றேன்னுட்டாங்க. இன்னும் அங்க தறி ஓடுதான்னு கேட்டாங்க. எனக்கு என்னமோ பண்ணுச்சுங்க."

அவள் போனதும் இவர் கட்டிலிலிருந்தே கேட்டார்: "எதுக்கு வருதுன்னு புரியுதா?"

"புரியுதுங்க."

"அப்ப நான் அன்னைக்குச் சொன்னத விட்டுப்போடு. நீ என்ன நெனைக்கறயோ அதையே பண்ணு."

அன்றாட விஷயத்தில் ஒரு பொரியலுக்குக்கூடத் தன் பேச்சை மாற்றிக்கொள்ளாத மனிதர்.

நவம்பர் 18, சனி

உரை தயார். பத்து நிமிடம். மொழி, அமைப்பு, காலவரிசை, சமூகப் பின்னணி. 118-ஆம் பக்கம் அதில் இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

முப்பது பேர் வந்திருந்தார்கள். பையன்கள் நீலச் சட்டையில் வந்து பின்வரிசையில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமலோற்பவம் என்னைவிட உயரம். நாற்பத்து மூன்று வயதுக்கு நரை அதிகம். செவிலியர்களுக்கே உரிய வேகமான நடை. கை குலுக்கினார், வணக்கம் சொன்னார், என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எனக்கும் தெரியவில்லை. நான் பேசும்போது மட்டும், கையில் இருந்த அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் போகவில்லை, உதடு அசைந்துகொண்டிருந்தது. எனக்கு உரையில் ஒரு பத்தி விட்டுப்போயிற்று. கை தட்டினார்கள்.

பிறகு புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரிசை. எல்லாரும் போகட்டும் என்று கடைசியில் நின்றேன். அவர் என் பிரதியை வாங்கிப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்ளோ திருத்தமா! டீச்சர்னு சொன்னாங்க, சரியாத்தான் சொல்லியிருக்காங்க. பேர் என்னன்னு போடட்டும்?"

"நூத்திப் பதினெட்டாம் பக்கம் பாருங்க" என்றேன்.

திருப்பினார். அதில் ஒரு சிவப்புக் கோடும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த டீச்சர் நான்தானுங்க."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கோபத்துக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "டீச்சர்! உங்களத்தான் தேடிக்கிட்டு வந்தேன். அந்த ஆளையோ அந்தப் பொம்பளையையோ பாக்கணும்னு எனக்கு இல்ல. உங்களப் பாக்கத்தான் வந்தேன். ஒடம்புக்கு என்ன ஆச்சு அன்னைக்கு? ஒண்ணாந்தேதி ஏன் வரல?"

அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். காய்ச்சல் என்று ஒரு சொல் போதும். வீட்டில் இவர் சொன்னபடி அந்தப் பக்கம் அப்படியே இருந்திருக்கும்.

"ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சுங்க. நீங்க தாளப் படிச்சதப் பாத்தேன். உதடு அசைஞ்சுது. படிக்கத் தெரிஞ்ச புள்ள, அந்த வீட்டுப் புள்ள இல்லேன்னு தெரியும். தெரிஞ்சுதானுங்க சாக்பீஸ் குடுத்தேன். தெரிஞ்சதனாலதான் மறுபடி வரல."

என் கையை விட்டுவிட்டார். உதறவில்லை. மேசை மேல் ஒரு பொருளை வைப்பது போல் விட்டார். உட்கார்ந்தார். மெஹருன்னிசா தூரத்தில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் 118-ஆம் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தார். அவர் எழுதியதைத்தான் படித்தார், ஆனால் முதல் தடவை படிப்பவர் மாதிரி படித்தார்.

"பேனா குடுங்க" என்றார்.

என் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். 'உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கும்' என்ற வரியை அடித்தார். 'அவருக்கு எதுவும் தெரியாது' என்பதை அடித்தார். 'தெரிந்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருப்பார்' என்பதன் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதையும் அடித்தார். சாக்பீஸ் இருந்த வரிகளைத் தொடவில்லை.

"அடுத்த பதிப்புல இத மாத்தணும். உங்க பேர் போடலாமா?"

மாணவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், சம்பந்தி வீடு, எல்லாரும் அந்த ஒரு நொடியில் கண் முன்னால் வந்து போனார்கள். போடுங்கள் என்றேன்.

"பேரு?"

"செ. தவமணி."

"அப்ப எந்த ஸ்கூலு?"

சொன்னேன். வயதைக் கேட்டார், தெருவைக் கேட்டார், மறுசுற்றைப் பற்றிக் கேட்டார். புத்தகத்தின் பின்பக்க வெள்ளைத் தாளைக் கிழித்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. 118-ஆம் பக்கத்தின் அடியில் அமலோற்பவம் என்று முழுப் பெயரையும் பொடி எழுத்தில் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பேனாவையும் மூடிக் கொடுத்தார். பிறகு மெஹருன்னிசாவிடம், திண்டிவனத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார்.

பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போகலாமா என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். போர்டு பாத்து நானே ஏறிக்குவேன்" என்றார்.

நவம்பர் 20, திங்கள்

கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நன்றாக ஆறியிருக்கிறதாம். மருந்தை நான்கு முறையாகக் குறைத்திருக்கிறார்கள். ஆட்டம் தோற்றுப்போனதில் ஊரே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

மத்தியானம் அவர் 118-ஆம் பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சட்டுனு முடிஞ்சுபோச்சு. கடைசில காப்பாத்தியிருப்பாருன்னு ஒரு வரி வருமே?"

"அது இல்லீங்க."

"மறுபடியும் உட்டுட்டியா?"

"இல்லீங்க. எழுதுனவங்களே அடிச்சுட்டாங்க."

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, சரி, மேலே படி என்றார். 119-இலிருந்து படித்தேன்.